கையால் மிதிக்கும் சைக்கிள்

தாராவி
9 ஜூன் 2024

அன்புள்ள பாகீரதி அக்காவுக்கு,

தங்கை மாரீஸ்வரி எழுதுவது. நான் சுகம். முதுகில் இருந்த படுக்கைப் புண் ஆறித் தோல் மூடிவிட்டது. உல்லாஸ்நகரில் நீ, உன் மகன் ராஜபாண்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுகமா? உன் முட்டி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் வீடு பத்துக்குப் பத்து. நான் போனில் ‘ம்’ என்றால்கூட என் மகன் வேல்ராஜுக்கும் கேட்கும், மருமகள் பிரேமலதாவுக்கும் கேட்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும். நீயோ ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாதவள். நீ குடியிருக்கும் சாலின் அத்தனை வீட்டிலும் என் கதை ஓடும். கடிதம் என்றால் நீயும் நானும் மட்டும்.

இந்தத் தீபாவளியோடு நான் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு வருஷம். முறுக்கு டின்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேல் அறையிலிருந்து இறங்கினேன். இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கு அழவேண்டியதை அழுது முடித்தாயிற்று. இப்போது என் உலகம் கட்டிலும் வாசலும். எதிர்வீட்டுத் தகரத்துக்கும் எங்கள் தகரத்துக்கும் நடுவே ஒரு முழ வானம் தெரிகிறது. அதில் ஒரு காக்கா குறுக்கே போனால் அன்றைக்கு அதுதான் எனக்குச் செய்தி. ஆஸ்பத்திரியில் கொடுத்த வீல்சேர் கதவுக்குப் பின்னால் மடங்கி நிற்கிறது. பிரேமா அதில் துவைத்த துணியைப் போடுகிறாள்.

வேலு ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறான் அல்லவா? அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கு இரண்டு காலும் வராதாம். அவர் தன் வீல்சேருக்கு முன்னால் ஒரு சக்கரத்தை மாட்டிக்கொண்டு, கையாலேயே பெடல் சுற்றி, கேட் வழியாக வந்து போகிறாராம். அதைப் பார்த்ததிலிருந்து இவனுக்குத் தூக்கம் இல்லை. நேற்று ஒரு கயிற்றை வைத்து எங்கள் சந்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். “யம்மா, சந்து காணும்மா. அந்தத் தண்ணி டிரம்மை மட்டும் எடுத்துட்டா நீ ரோட்டுக்கே போயிரலாம்” என்கிறான். கிறுக்குப் பயல்.

நீ எப்போது வருவாய்? ஆஸ்பத்திரிக்கு வந்து போனதோடு சரி. ரயிலில் ஏறினால் சயான் ஸ்டேஷனில் வந்து இறங்கவேண்டியதுதானே. வெளிநாட்டிலா இருக்கிறாய்?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புத் தங்கை,
மாரி


உல்லாஸ்நகர்
2 ஜூலை 2024

தங்கச்சி மாரிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். புண் ஆறிய சேதி படித்துவிட்டு அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றினேன். வேளைக்குத் திரும்பிப் படு. தண்ணீர் நிறையக் குடி.

இங்கே மழை. ஜீன்ஸ் கம்பெனிக்காரர்கள் பேண்டுகளை மூட்டையாக வீட்டிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். நூல் வெட்டி, பட்டன் தைத்துக் கொடுப்பதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடுகிறது.

எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறாய். இந்த ஈரத்துக்கு என் முட்டி ஒத்துழைப்பதில்லை. மழை விடட்டும், பார்ப்போம்.

வேலுவைக் கிறுக்கன் என்று சொல்லாதே. எத்தனை வருஷம் முறுக்குப் பிழிந்த கை உன் கை! அந்தக் கைக்கு முன்னால் ஒரு சைக்கிள் செயின் எம்மாத்திரம்? பெரியம்மா சொன்னதாக அவனிடம் சொல். பிரேமாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
பாகீரதி


தாராவி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிக்குப் பிரேமா ஏதோ தைலம் சொல்கிறாள், பெயரை அடுத்த முறை எழுதுகிறேன். இப்போது எழுத வேறு சேதி இருக்கிறது.

சைக்கிள் வந்துவிட்டது!

அந்த ஐரோலிக்காரரே ஒரு சங்கத்தில் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறார். அவரை நான் பார்த்ததுகூட இல்லை, அக்கா. என் வீல்சேரின் அளவைப் போனில் கேட்டுக் கேட்டு, அதற்குத் தகுந்த மாதிரி பிடிப்பு வைத்து அனுப்பியிருக்கிறார். அவர் குடும்பம் நன்றாக இருக்கவேண்டும்.

எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரு சைக்கிளின் முன் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, நாற்காலிக்கு முன்னால் மாட்டிய மாதிரி இருக்கிறது. பெடல் கீழே இல்லை, நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றவேண்டும். ஒரு கொக்கியை அழுத்தினால் வீல்சேரின் சின்னச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிக்கொள்கின்றன. அப்புறம் மூன்று சக்கர வண்டிதான். பிரேக் உண்டு, மணி உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தே எங்கள் வாசலில் நின்றது. என்னைக் கட்டிலோடு வாசல்வரை இழுத்து வைத்தார்கள். நான் பார்க்க, வேலு காலியான வீல்சேரில் உட்கார்ந்து ஓட்டிக்காட்டினான். சந்து முனையில் மாவு மில் வைத்திருக்கும் முகம்மது ஹனீப் பாயை உனக்கு ஞாபகம் இருக்கும், மேலப்பாளையத்துக்காரர். வண்டியை வைக்க எங்கள் வீட்டில் ஏது இடம்? “யக்கா, மில்லுக்குள்ள ஓரமா நிக்கட்டும். மாவு படும், பரவால்லியா?” என்று கேட்டார். இரண்டே நாளில் அது வெள்ளை வண்டி ஆகிவிட்டது.

வேலு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. பிரேமாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

நான் இன்னும் ஏறவில்லை. மழை விடட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாரி


தாராவி
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

மழை நின்றுவிட்டது. ஆனால் வெயில் தாங்கவில்லை. அதோடு நவராத்திரிக் கூட்டம், தொண்ணூறடி ரோட்டில் நடக்க இடமில்லை. இதில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவேன்? பைக்காரன் எவனாவது இடித்துவிட்டால்? கையும் முன்னைப்போல் பலமாக இல்லை. புண் வந்த இடத்தில் மறுபடி உரசினால் என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது. வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லையே, எதற்கு இந்த வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை வேலு மறுபடி கூப்பிட்டான். நான் தலைவலி என்றேன். “யம்மா, உனக்குப் பிடிக்கலன்னா சொல்லிரு. திருப்பிக் குடுத்துட்டு வாரேன். வேற யாருக்காவது ஆகும்” என்றான்.

“குடுத்துருல” என்று சொல்லிவிட்டேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. இன்னும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

இதைப் போனில் எடுத்துப் பேசாதே, அக்கா. வேறு விசேஷம் இல்லை.

மாரி


உல்லாஸ்நகர்
20 அக்டோபர் 2024

மாரிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமானது என் தப்பு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெயில், கூட்டம், பைக், கை, புண், தலைவலி. ஒரு ஆளுக்கு ஒரு காரணம் போதாதா? இத்தனை சொல்கிறாய் என்றால் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை என்று அர்த்தம். நீ சொல்லமாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன்.

மூத்திரப் பை.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நான் இருந்த நாளெல்லாம், யாராவது வார்டுக்குள் வந்தால் நீ முதலில் என் கையைத்தான் பிடிப்பாய். “அக்கா, துணியை இழுத்து மூடு” என்பாய். கட்டில் ஓரத்தில் தொங்கிய அந்தப் பையை மூடச் சொல்வாய். உன் கால் போனதைக்கூட ஊர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாய். அதை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது. இப்போது ரோட்டில் நாலு பேர் நடுவே போனால் டியூபும் பையும் தெரியுமே, மகன் பார்ப்பானே என்றுதானே கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாய்?

வேலுவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பிரேமாவிடம் சொல்லலாம். அவள்தானே தினமும் உன்னைத் துடைத்துவிடுகிறாள்.

எங்கள் சாலில் பீவி என்று ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். அவளிடம் கேட்டேன். காலிலேயே கட்டிக்கொள்ளும் சின்னப் பை மெடிக்கலில் கிடைக்கிறது என்றாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு பட்டையால் கட்டிவிட்டால் போதும். இத்துடன் வரும் பார்சலில் அந்தப் பை ஒன்றும், நான் தைத்த சுடிதார் பேண்ட் இரண்டும் இருக்கின்றன. நல்ல தொளதொள பேண்ட். கெண்டைக்கால் பக்கம் உள்ளே ஒரு அறை வைத்திருக்கிறேன், பை அதற்குள் உட்கார்ந்துவிடும். ஓரம் முழுக்க அழுத்தினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன், உட்கார்ந்தபடியே திறக்கலாம். நீலத்தில் ஒன்று, காப்பிப்பொடி நிறத்தில் ஒன்று. மேலே நீளமான டாப்ஸ் போட்டால் கடவுளுக்குக்கூடத் தெரியாது.

ஐம்பது வயதுக்கு மேல் சுடிதாரா என்று கேட்காதே. ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளே வந்திருக்கிறது.

கோபம் வந்தால் திட்டிக் கடிதம் போடு. ஆனால் பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டு.

பாகீரதி


தாராவி
17 நவம்பர் 2024

பெரியத்தை அவர்களுக்கு,

பிரேமலதா எழுதுகிறேன். வணக்கம். நான் முனிசிபல் ஸ்கூலில் ஏழாவது வரைதான் தமிழ் படித்தேன். அப்புறம் ஹிந்திதான். தப்பு இருந்தால் மன்னித்துவிடுங்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா?

அத்தை இன்னும் உங்களுக்குப் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். பார்சலையும் பிரிக்கவில்லை. தீபாவளி முடிந்து ஒரு மத்தியானம், இவர் டியூட்டிக்குப் போனபிறகு, “பிரேமா, கதவைச் சாத்திட்டு வா” என்றார்கள். உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்து, “படி. எனக்கு வாயால சொல்ல வரல” என்றார்கள்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே.

அப்புறம் நீலப் பேண்டைப் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். இப்போது தினமும் மத்தியானம் போட்டுக்கொண்டு வீல்சேரில் உட்கார்ந்து பழகுகிறோம். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்கு ரொம்ப நன்றி, பெரியத்தை.

பிரேமலதா


தாராவி
8 டிசம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

மனமும் உடம்பும் நன்றாக இருக்கின்றன. உனக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன்மேல் கோபப்பட்டது உண்மை. இரண்டு நாள் மனதுக்குள் நல்லாத் திட்டினேன். மூன்றாம் நாள் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன், அக்கா.

காலையில் வேலு பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் நீலச் சுடிதாரில் வீல்சேரில் உட்கார்ந்திருந்தேன். “ஏல, உன் வண்டியை எடுத்துட்டு வா” என்றேன். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே மாவு மில்லுக்கு ஓடினான்.

சந்தில் வழி ஏற்படுத்தும் பொறுப்பை ஹனீப் பாய் எடுத்துக்கொண்டார். “மாரியக்கா, நீங்க வண்டியை மட்டும் பாருங்க, ஆளுங்களை நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். “ஏ பாய், டிரம் ஹடாவ்! சைக்கிள் ஹடாவ்! மேடம் கி காடி ஆ ரஹி ஹை!” மேடத்தின் வண்டி வருகிறதாம், எல்லாவற்றையும் ஒதுக்கவேண்டுமாம். சந்தில் ஒவ்வொரு வாசலிலும் கிடந்த டிரம், வாளி, ஸ்டவ், செருப்பு எல்லாம் உள்ளே போயின. ஒருத்தி குளிப்பாட்டிக்கொண்டிருந்த பிள்ளையைச் சோப்போடு தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாக்கடைப் பலகை ஆடும் இடத்தில் இரண்டு பேர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்கள். இவர்களில் பாதிப் பேரோடு நான் தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டிருக்கிறேன்.

ரோட்டுக்கு வந்ததும் கையை வைத்துச் சுற்றினேன். முதலில் வண்டி கோணலாகப் போனது. அப்புறம் பிடிபட்டது. அக்கா, என் முகத்தில் காற்று பட்டது. மின்விசிறிக் காற்று இல்லை, நான் போவதால் வந்த காற்று. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது, ஒரே மரமாக. முன்பு குப்பை கொட்டிய இடமாம். முப்பது வருஷமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், முறுக்குக் கூடையோடு. உள்ளே போக நமக்கு எங்கே நேரம்? அங்கேதான் போனோம். ஒரு பக்கம் வேலு, ஒரு பக்கம் பிரேமா. மரத்தடியில் காய்ந்த இலையின்மேல் சக்கரம் ஏறும்போது நொறுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தேன்.

அப்போதுதான் நான் பயந்தது நடந்தது. டியூப் பையிலிருந்து கழன்றுவிட்டது. எனக்கு உணர்ச்சி கிடையாதே, பேண்டில் ஈரம் பரவியதைப் பிரேமாதான் பார்த்தாள். கீழே பாதையில் சொட்டுகிறது. எனக்கு அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. “வீட்டுக்கு, வீட்டுக்கு” என்கிறேன்.

பிரேமா ஒன்றும் பதறவில்லை. ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் வண்டியைத் திருப்பினாள். தோள்பையில் உன் இன்னொரு பேண்டையும் ஒரு பெட்ஷீட்டையும் கொண்டுவந்திருக்கிறாள்! வேலு பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். என் அழுகைச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, தனக்குத் தெரியாத பறவைகளுக்கெல்லாம் பெயர் வைத்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டனைத் திறந்து, துடைத்து, டியூபை மாட்டி, பேண்டை மாற்றியாயிற்று. உன் டிச் பட்டனுக்குக் கோயில் கட்டலாம்.

“உனக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேம்ல” என்றேன் அவனிடம்.

திரும்பாமலேயே சொன்னான்: “யம்மா, ஆஸ்பத்திரியில நீ கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பையை யாரு மாத்துனான்னு நெனச்ச? நான்தான மாத்துனேன்.”

இரண்டு வருஷம், அக்கா. அவனுக்குத் தெரியாமல் எதை மறைத்துக்கொண்டிருந்தேன்?

பிரேமா ஈரப் பேண்டைச் சுருட்டித் தோள்பையில் வைத்தாள். அப்புறம் அவன், “வீட்டுக்குப் போவமா?” என்றான்.

“இன்னொரு சுத்து போயிட்டுப் போவோம்” என்றேன்.

அன்றிரவு தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலி. எத்தனை நாளைக்கப்புறம் உழைத்த வலி! உனக்கும், பிரேமாவுக்கும், அந்த முகம் தெரியாத ஐரோலிக்காரருக்கும், டிரம்மை உள்ளே இழுத்தவர்களுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே தூங்கிப்போனேன்.

மாரி


தாராவி
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே வாசலில் கோலம் போட்டுப் பொங்கல் வைத்தோம். நான் வண்டியில் உட்கார்ந்தபடி பால் பொங்குவதைப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். போன வாரம் லேபர் கேம்ப் கடைத்தெருப் பக்கம் போய் நானே பூ வாங்கினேன். பூக்காரி கூடுதலாக ஒரு கண்ணி கொடுத்தாள். பரிதாபப்பட்டுக் கொடுக்கிறாளோ என்று பார்த்தால், “உங்க வண்டி எங்க கிடைக்கும்? எங்க அண்ணனுக்கு வேணும்” என்றாள். அந்த ஐரோலிக்காரரின் நம்பரை வேலு கொடுத்திருக்கிறான்.

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பூங்கா சேதியைப் படித்துவிட்டு நீ ஓடிவருவாய் என்று நினைத்தேன்.

நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மழை என்றாய், மழை விட்டது. வேலை என்றாய், பொங்கலுக்கு யாருக்கு வேலை? முட்டி என்கிறாய். ராஜபாண்டியிடம் போனில் பேசினேன். “அம்மா மூணு மாடி ஏறி மொட்டை மாடியில வத்தல் காயப்போடுது சித்தி, முட்டிக்கு என்ன?” என்கிறான். ஆனால் சாலின் கேட்டைத் தாண்டி ஒன்றரை வருஷமாக நீ வெளியே போகவில்லை என்றும் சொன்னான்.

என்ன நடந்தது, அக்கா? என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா?

மாரி


உல்லாஸ்நகர்
5 பிப்ரவரி 2025

மாரிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவேண்டியதே இல்லை, உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

உன்னைப் பார்க்கப் பிடிக்காமலா? பைத்தியக்காரி.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு உன்னைப் பார்க்கத்தான் கிளம்பினேன். கல்யாண் ஸ்டேஷனில் வண்டி மாறப் பாலத்தில் ஏறினேன். ஏதோ பிளாட்பாரம் மாற்றி அறிவித்தார்கள். கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடியது. நான் படிக்கட்டில் விழுந்தேன். என்மேல் ஆட்கள் ஏறிப் போனார்கள், மாரி. முதுகில் செருப்புக் கால்களை உணர்ந்தேன். ஒரு பெண் முடியைப் பிடித்து இழுத்து என்னை ஓரமாகப் போட்டாள். அவள் இல்லாவிட்டால் நான் இல்லை. அடி பெரிதாக இல்லை, சிராய்ப்புதான். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் கேட்டைத் தாண்டினால் கால் நகரமாட்டேன் என்கிறது. நாலு பேர் எதிரே வந்தால் நெஞ்சு அடைக்கிறது. ராஜபாண்டி கூட வருகிறேன் என்பான், நான் முட்டி வலி என்பேன்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ நடக்க முடியாமல் படுத்திருக்கிறாய். உன்னிடம் வந்து, எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வருமா? உன் கடிதம் வரும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன், கூடவே கூனிக் குறுகினேன். உனக்குப் பேண்ட் தைத்து அனுப்ப முடிந்தது. என்னை அனுப்ப முடியவில்லை.

பாகீரதி


தாராவி
12 பிப்ரவரி 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அழுதேன், உன் முதுகை நினைத்து. அந்த முகம் தெரியாத பெண் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

பயம் என்றால் என்ன என்று என்னிடமா நீ வெட்கப்படுவது? நாற்காலி தயாராக நிற்க, நான் எத்தனை மாதம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்?

மார்ச் மாதம் முதல் வாரம் தாண்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. காலை வண்டியில் கூட்டம் இருக்காது. நேராக வரும் ஸ்லோ வண்டி, கல்யாணில் இறங்கவேண்டாம். ராஜபாண்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சயான் ஸ்டேஷன் வாசல்வரை மட்டும் வந்துவிடு. வாசலில் நான் நிற்பேன்.

மாரி


உல்லாஸ்நகர்
12 மார்ச் 2025

என் தங்கச்சி மாரிக்கு,

அக்காவின் முத்தம். பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம் என்று போனில் சொன்னேன். மற்றதைப் போனில் சொல்ல முடியவில்லை. சால் முழுக்கக் கேட்கும்.

ரயிலில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தாணா ஸ்டேஷனில் கூட்டம் ஏறியபோது இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். ராஜபாண்டி என் கையை விடவில்லை. அவனிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்களுக்கு நடுவே உன்னைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு பார்த்த முகம்தான் என் மனதில் இருந்தது. நீ வெயிலில் கறுத்து, நீலச் சுடிதாரில், தலையில் பூ வைத்து, உன் வழியை மறித்த ஆட்டோக்காரனிடம் மணியடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் தொண்ணூறடி ரோட்டைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அத்தனை ஜனம். நீ என் முகத்தைப் பார்த்தாய். “ராஜபாண்டி, நீ முன்னால போ” என்று அவனை அனுப்பினாய். என்னிடம், “எக்கா, என் நாற்காலிக்குப் பின்னால ரெண்டு கைப்பிடி இருக்குல்லா? அதைப் பிடிச்சுக்கோ. நான் மெதுவாத்தான் போவேன். விட்டுராத” என்றாய்.

பிடித்தேன். நீ கையால் சுற்றச் சுற்ற நாற்காலி நகர்ந்தது, என் காலும் கூடவே நகர்ந்தது. எதிரே வந்த கூட்டம் உன் வண்டியைப் பார்த்து இரண்டு பக்கமும் விலகியது. ஒருவரும் என்மேல் படவில்லை. பூங்கா வரும்வரை நான் உன் தலையில் இருந்த பூவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த மரங்களுக்கு அடியில் வந்தபிறகுதான் மூச்சை விட்டேன். என்ன நிழல், மாரி! பிரேமா கொண்டுவந்த இட்லியை அங்கே உட்கார்ந்து தின்றோமே, அதற்குச் சமமாக நான் எதையும் தின்றதில்லை.

நேற்று நான் தனியாகக் கேட்டைத் தாண்டித் தபால்பெட்டி வரை போனேன். பீவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுபோய்ப் போடுவேன்.

பூங்காவிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் என்னிடம் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. “தங்கச்சியை இவ்வளவு தூரம் தள்ளிட்டு வாரீயளே, புண்ணியமாப் போகும்” என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? நான் உன்னை ஒரு அடிகூடத் தள்ளவில்லை, மாரி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்.

உன் அக்கா,
பாகீரதி